இரண்டு சுற்று வெள்ளை டேப்

1

இப்போதெல்லாம் எவனும் எதையும் இறுக்கி மூடுவதில்லை. பாட்டில் மூடி அரைகுறை, கதவு அரைகுறை, கேட்ட கேள்விக்குப் பதிலும் அரைகுறை. ‘சரி, வைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அதற்கப்புறமும் அரை மணி நேரம் போனில் பேசுகிறார்கள். நாற்பது வருடம் தண்ணீர்க் குழாய் மாட்டியவருக்கு இதையெல்லாம் பார்க்கச் சகிக்குமா? அந்த எரிச்சலில்தான் இந்தக் கதை பிறந்தது.

பொய். தான் செய்த ஒரு தப்பை மறைக்கப் போய்ப் பிறந்தது.

குழாய்க்காரர் இதை முதலில் ‘நான்’ என்று எழுதிப் பார்த்தார். மூன்றே வரியில் பெருமை பொங்கி வழிந்தது. ஆகவே ‘அவர்’. அவர் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று திட்டலாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு கரிய மாலையில் அவருடைய லேப்டாப்பின்...

வேண்டாம். மழையும் இல்லை, மாலையும் இல்லை. சனிக்கிழமை, காலை பத்து மணி, சுள்ளென்று வெயில்.

இரண்டாவது முயற்சி: மனித வாழ்க்கை என்பது ஒரு ஹார்ட் டிஸ்க். [இதை எழுதிய விரலை ஒடிக்க வேண்டும்.]

மூன்றாவது: லேப்டாப் ‘டக், டக்’ என்றது.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்ளலாம். பழைய லேப்டாப். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் குளித்து, தலை துவட்டி வந்தால்தான் திரையில் எழுத்து தெரியும். இப்போது உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் தட்டவும் ஆரம்பித்துவிட்டது. அதற்குள்தான் இருக்கிறது, அவர் இரண்டு வருடமாக இரண்டே விரலால் அடித்த நாற்பத்தொரு பக்கம். அவர் குழாய் மாட்டிய கதை. வேறெங்கும் பிரதி கிடையாது. இணையத்தில் ஏற்றி வைக்கிறேன் என்று மருமகள் சொன்னபோது, “முகம் தெரியாதவன் வீட்டுல என் பொருளை ஏம்மா வைக்கணும்?” என்று தடுத்தவர் அவரேதான்.

மருமகள் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவள். சத்தம் கேட்ட மறுநாளே ஒரு எஸ்எஸ்டி வாங்கி வந்தாள். ஹார்ட் டிஸ்க் வேலையைச் செய்யும், ஆனால் சுற்றாது, சத்தம் போடாது. சூயிங்கம் பட்டை அளவில் ஒரு தகடு. நுனியில் தங்க நிறத்தில் பொடிப்பொடிப் பற்கள்.

“நாப்பத்தோரு பக்கமும் இதுக்குள்ள போகுமா?”

“நாப்பது லட்சம் பக்கம் போகும் மாமா.”

“இப்படிச் சொல்லித்தான் உன் தலையில கட்டியிருக்கான்.”

தகட்டை வெளியில் ஒரு வயரில் மாட்டி, பழசில் இருந்த எல்லாவற்றையும் அதற்கு நகலெடுத்தாள். ஒரு மணி நேரம். அவர் பக்கத்திலேயே காவல் நின்றார்.

“புதுசுக்குப் போயிட்டா பழசுல என்ன மிச்சம் இருக்கும்?”

“அதுலயும் அப்படியே இருக்கும் மாமா.”

“ஒரே தண்ணி எப்படிம்மா ரெண்டு தொட்டியில நிக்கும்?”

சோபாவிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “ரெண்டு வருஷமா எழுதறாரு. ஒரு குழாய் மாட்ட இவ்வளவு நாள் எடுத்திருந்தா ஊரே தாகத்துல செத்திருக்கும்.”

[அடிக்குறிப்பு: மனைவியைக் கதையில் சேர்ப்பதாக இல்லை. அவளே வந்து உட்கார்ந்துகொண்டாள். எழுப்பி விடும் தைரியம் இதை எழுதுகிறவருக்கு இல்லை.]

3

நகல் முடிந்தது. மருமகள் லேப்டாப்பைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினாள். பழசை வெளியே எடுத்தாள். தகட்டை மேசையில் வைத்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. எழுந்து போனாள்.

குழாய்க்காரர் தகட்டைப் பார்த்தார். அது போக வேண்டிய பொந்தைப் பார்த்தார். மரை இல்லை, வாஷர் இல்லை, பசை இல்லை. சும்மா சொருகிவிட்டுக் கடுகு அளவு ஒரு ஸ்க்ரூ போடுவார்களாம். நாற்பது வருடத்தில் ஒரு ஜாயிண்டைக்கூட அவர் வெறுமனே விட்டதில்லை. வேலையிலிருந்து நின்று ஆறு வருடம் ஆகிறது, ஆனால் சட்டைப் பைக்கு அது தெரியாது. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்தார். தங்கப் பற்கள் மேல் இரண்டு சுற்று, கடிகாரம் சுற்றும் பக்கமாக, இழுத்துப் பிடித்து. சொருகினார். இறுக்கமாகப் போனது. நல்ல அறிகுறி.

“நானே மாட்டிட்டேன்மா.”

“அட, கச்சிதமா உக்காந்திருக்கே!” என்று ஸ்க்ரூவை முடுக்கினாள் திரும்பி வந்த மருமகள்.

முதல் வரைவில் டேப் சுற்றியது மருமகள்தான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “அவ சட்டையிலயா டேப் இருந்துச்சு?” திருத்திவிட்டார்.

4

பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரை, ஒற்றை வரி: இயக்கத்தைத் தொடங்க டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தாள். தகட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பேட்டரி இணைப்பைப் பிடுங்கி மாட்டினாள். காலி. சரி, பழசையாவது மாட்டுவோம் என்று மாட்டினாள். டக், டக், டக். அப்புறம் சத்தமே இல்லை.

“மாமா... பழசு போயிடுச்சு.”

இரண்டு வருடம். நாற்பத்தொரு பக்கம். குழாய்க்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மருமகள் நகத்தைக் கடித்தாள். “வெளிய வயர்ல மாட்டினப்போ நல்லாத்தானே ஓடுச்சு? அப்போ தகடு சரி. ஜாயிண்ட்லதான் ஏதோ கோளாறு.”

அவருக்குச் சுருக்கென்றது. “ஜாயிண்ட்ல கோளாறு இருக்கவே முடியாது!”

“எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன்.”

மருமகள் வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

“எதை மாமா?”

கழற்றி இழுத்தாள். வெள்ளை டேப் தலைப்பாகை கட்டிக்கொண்டு தகடு வெளியே வந்தது. மருமகள் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மனைவி எழுந்து வந்து பார்த்தாள். “இவர் ஆயுசுலயே ஒழுகாத ஜாயிண்ட் இது ஒண்ணுதான். கரண்ட்கூட ஒழுகல!”

அவர் சிரிக்கவில்லை.

[மேலே உள்ள வரி பொய். அழிக்க மனமில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.]

டேப்பை உரித்து, துடைத்து, மறுபடி சொருகினாள். அழுத்தினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் திரை வெளுத்து எழுத்து வந்துவிட்டது.

5

முடிவு அ: அன்று முதல் குழாய்க்காரர் புதிய காலத்தை நம்பத் தொடங்கினார். [யார் இவர்? எனக்குத் தெரியாது.]

முடிவு ஆ: எல்லாம் கிடைத்தது, கடைசிப் பக்கம் மட்டும் காணோம். [கண்ணீர் வரவழைக்கலாம். ஆனால் நடக்கவில்லையே.]

நடந்தது இது: மதியச் சோறு ஆறும்வரை நாற்பத்தொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. அதுதான் சந்தேகம். இவ்வளவு வேகமாக வருகிறவன் எதையோ வழியில் போட்டுவிட்டுத்தான் வருவான்.

“இப்பவாவது நம்புறீங்களா மாமா?”

“ஒரு ராத்திரி போகட்டும்மா.”

புது ஜாயிண்ட் போட்டால் அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டு வர வேண்டும். மறுநாள் தாளில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் முறை. லேப்டாப்புக்கு அடியிலும் ஒரு தாளை விரித்தார். அந்தத் தாளின் மேல் வைத்துத்தான் இந்தக் கதையையும் அடித்தார். புதுத் தகட்டில் எழுதிய முதல் கதை இது.

அவர் எழுந்து போகிறார். தாளைத் தூக்கிப் பார்க்க வேண்டியது இனி நீங்கள். நாலு எழுத்து சொட்டியிருந்தால் ஒரு குரல் கொடுங்கள். டேப் பையிலேயேதான் இருக்கிறது.