பால் இருக்கோ?

கனகாம்பிகை ஒன்றைச் சொல்லிவிட்டால் அளவெட்டி ஊரில் அந்த ஒழுங்கைத் தெரு முழுக்க அதற்கு மறுபேச்சு இல்லை. அவளுடைய வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சிவப்பிப் பசுவை எந்த வளவில் கட்டுவது, புருஷன் தம்பிஐயா எந்த வேட்டிக்கு எந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவது, எல்லாம் அவள் தீர்ப்புத்தான். தம்பிஐயாவுக்கு ஆண்டவன் வாய் வைத்தது சுருட்டுப் பிடிக்க மட்டுந்தான் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

அந்த வீட்டில்தான் அவளுடைய தம்பியின் பெண்சாதி பராசக்தியும், மூன்று வயது மகள் அருந்ததியும் இருந்தார்கள். பராசக்திக்குச் சீதனமாக வந்த வளவுக் காணியில் வீடு அத்திவாரத்தோடு நின்றது. அதை எழுப்பத்தான் புருஷன் தில்லைநாதன் பஹ்ரெயினுக்குப் போயிருந்தான். வீடு எழும்பும்வரை மச்சாளின் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழல் நல்லதுதான், ஆனால் அதில் இருப்பவளுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

அந்த வீட்டுச் சட்டங்களுக்குள் பெரிய சட்டம், அருந்ததிக்குப் பால் கூடாது என்பது. அது சும்மா வந்த சட்டமல்ல. பிள்ளைக்கு ஒரு வயது நடக்கையில் பராசக்தி காய்ச்சலில் எழும்பமாட்டாமல் கிடந்தாள். தாய்ப்பால் இல்லாமல் பிள்ளை அழுதது. கனகாம்பிகை சிவப்பியின் பாலைக் காய்ச்சி ஆற்றி, தன் மடியில் வைத்தே பருக்கினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உதடு தடித்தது, மேலெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது, மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவள் தலையை முடியாமல், செருப்பைத் தேடாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பட்டணத்தில் ஒரு டொக்டர் ஊசி போட்டுப் பிள்ளையை மீட்டுக் கொடுத்தார். "இனிப் பால் குடுக்கக் கூடாது. பால், தயிர், மோர், நெய், ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்.

கனகாம்பிகை அந்தச் சொல்லை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பசுப்பால் நின்றது. அதோடு தேங்காய்ப்பாலும் நின்றது. "டொக்டர் பால் எண்டவர். தேங்காய்ப்பாலும் பால்தானே?" என்றாள். நடுங்கிப்போயிருந்த பராசக்திக்கும் அன்று அது நியாயமாகத்தான் பட்டது. பயந்தவளுக்கு வெள்ளையாய் இருப்பதெல்லாம் நஞ்சுதான்.

தேங்காய்ப்பாலைக் கழித்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்குச் சாப்பிட என்ன மிஞ்சும்? சொதி இல்லை, பால்கறி இல்லை, பாலப்பம் இல்லை. இடியப்பத்தை வெறுமனே பிய்த்துத் தின்ன வேண்டும். அருந்ததி அப்படித்தான் தின்றாள். கால் இரண்டும் ஈர்க்கு மாதிரி இருந்தன. யார் எதை நீட்டினாலும், விசுக்கோத்தோ விளாம்பழமோ, கையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு முதலில் ஒரு கேள்வி கேட்பாள்: "இதிலை பால் இருக்கோ?" ஆட்கள் சிரிப்பார்கள். பராசக்திக்கு நெஞ்சு எரியும்.

இப்படி இருக்கையில்தான் இளவாலைச் செபநாயகம் பஹ்ரெயினிலிருந்து வந்தபோது தில்லைநாதன் கொடுத்துவிட்ட பிளெண்டரைக் கொண்டுவந்து இறக்கினான். கண்ணாடி ஜொக்கு, அடியில் நாலு பல்லுப்போல பிளேட், முன்னுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான்.

"கண்டறியாத மிசின்" என்றாள் கனகாம்பிகை. "அம்மியும் உரலும் செத்தே போச்சு?"

"அதுகள் இருக்கட்டும் மச்சாள். இதுவும் இருக்கட்டும்" என்று பராசக்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

முதல்நாள் ஊறப்போட்ட கச்சான் கடலையைத் தோல் கழற்றி, தண்ணீர் விட்டு அரைத்தாள். துணியில் வடித்துக் காய்ச்சி, பனங்கட்டியும் ஒரு ஏலக்காயும் போட்டாள். மணம் முற்றத்துக்கு வந்தது. கனகாம்பிகை எட்டிப் பார்த்தாள்.

"என்ன உது?"

"கச்சான் பால், மச்சாள். பிள்ளைக்கு."

"பாலோ!" கனகாம்பிகை பால் வார்த்திருந்த பேணியைப் பறித்துவிட்டாள். "பால் கூடாதெண்டு தெரியாதே உமக்கு?"

பராசக்தி அன்று ஜொக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்தநாள் அதே கச்சானை, அதே மிசினில், அதே மாதிரி அரைத்தாள். "என்ன உது?" என்று அதே கேள்வி வந்தது. "கச்சான் தண்ணி" என்றாள். "ஆ, தண்ணியோ? குடுத்துவிடும்" என்று மச்சாள் போய்விட்டாள். பிறகென்ன, அந்தக் குசினியில் எள்ளுத் தண்ணி, பயத்தந் தண்ணி என்று ஒவ்வொன்றாகப் பிறந்தன. கச்சானையும் வறுத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியோடு தடிப்பாக அரைத்து, சீரகம் தாளித்து, பிட்டுக்கு விடுகிற குழம்பு ஒன்றும் பிறந்தது. அதைக் கனகாம்பிகையே இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மிசினைப் புகழ்ந்தாளா என்றால், அது வேறு கதை.

பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஆனாலும் மற்றவர்கள் இடியப்பத்துக்குச் சொதி விடும்போது, அருந்ததி தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மூடிக்கொள்கிற பழக்கம் போகவில்லை.

மார்கழி முடிகிற நேரம், ஒருநாள் பெரியவர்களின் கறிக்காகப் பராசக்தி துருவிய தேங்காய்ப்பூவை ஜொக்கில் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பொத்தானை அமத்தினாள். கண்ணாடிக்குள் தேங்காய்ப்பூ சுழன்றது. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பூவும் தண்ணியும் ஒன்றாகி, வெள்ளையாய், கெட்டியாய், பாலாய் நின்றது. கையால் எத்தனை ஆயிரம் தரம் பிழிந்திருப்பாள்! அப்போதெல்லாம் தோன்றாதது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தோன்றியது. தேங்காய்ப்பூவைத்தானே பிள்ளை நாள்தோறும் பிட்டோடு தின்கிறாள்? பூவிலே இல்லாத நஞ்சு, தண்ணியைக் கண்டதும் எங்கேயிருந்து குதிக்கிறது?

அவள் மிசினை நிப்பாட்டினாள். சேலையை மாற்றினாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பட்டணத்துக்கு பஸ் ஏறினாள்.

அதே டொக்டர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தேங்காய்ப்பாலை ஆர் வேண்டாமெண்டது?"

"நீங்கள்தான் ஐயா, பால் எண்டு..."

"பால் எண்டால் மாட்டுப்பால். தேங்காய்ப்பாலைச் சொல்லுறதெண்டால் தேங்காய்ப்பால் எண்டல்லோ சொல்லியிருப்பன்!" அவர் சிரிக்கப் போனார், பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "குடுங்கோ. வடிவாக் குடுங்கோ."

பஸ்ஸில் திரும்பி வரும்போது பராசக்திக்கு அழுகை வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. ஒரு சொல். ஒரேயொரு சொல் தன் பிள்ளையை இரண்டு வருஷமாக வெறும் இடியப்பத்தைத் தின்ன வைத்திருக்கிறது. அதைக் கேள்வி கேட்காமல் தானும் தலையாட்டியிருக்கிறாள். தன் மேலும்தான் அந்த ஆத்திரம்.

அன்றைக்கே சொதி வைத்தாள். பிள்ளையை இருத்திக் கோப்பையில் விட்டாள். பிள்ளை வாயில் வைக்க முதல் கனகாம்பிகை பாய்ந்து வந்து கோப்பையைப் பறித்து, வாழையடியில் கவிழ்த்தாள்.

"மச்சாள், டொக்டரிட்டை நான் போய்க் கேட்டனான். தேங்காய்ப்பால் ஒண்டும் செய்யாது."

"என்னட்டை ஒண்டு சொல்லி உம்மட்டை வேறை சொல்லுவாரே? எனக்குக் காது கேளாதே?" கனகாம்பிகையின் குரல் கிறீச்சிட்டது. "என்ரை மடியிலை கிடந்து மூச்சுக்கு இழுத்தது பிள்ளை. நீர் காணேல்லை. நான் கண்டனான்!"

அவள் பிள்ளையின் உதட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பராசக்தி அதைக் கண்டாள், மனம் கொஞ்சம் இளகவும் செய்தது. ஆனால் இளகினால் பிள்ளை திரும்பவும் வெறும் இடியப்பத்துக்குத்தான் போகும்.

"கண்டனீங்கள், ஓம். நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடியிராட்டி எனக்குப் பிள்ளை இல்லை. அதுக்காக உங்கடை பயத்தை என்ரை பிள்ளை தின்னேலாது."

"இந்த வீட்டிலை நான் இருக்குமட்டும் உதுக்குப் பால் இல்லை. எந்தப் பாலும் இல்லை. பால் எண்டால் பால்தான்!" கனகாம்பிகை கோப்பையை எறிந்துவிட்டுப் போனாள். தம்பிஐயா சுருட்டைக் கடித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நழுவினார்.

தைப்பொங்கல் நெருங்கியது. போன பொங்கலைப் பராசக்தி மறக்கவில்லை. முற்றத்தில் பானை பொங்கியபோது, பால் மணம் பிள்ளைக்கு ஆகாது என்று அருந்ததியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். சீனவெடிச் சத்தம் கேட்டு, "நானும் பாக்கப்போறன்" என்று பிள்ளை கதவைத் தட்டித் தட்டி அழுதது. ஊரே பொங்கல் புக்கை சாப்பிட, அதற்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். இந்த முறை அந்தக் கதவு சாத்தப்படாது என்று பராசக்தி தீர்மானித்துவிட்டாள்.

பொங்கலன்று விடியற்காலை கனகாம்பிகை முழுகி, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்தாள். சிவப்பியைக் கறந்து, நுரை தளும்பப் பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். தம்பிஐயா மூன்று கல்லில் பானையை ஏற்றித் தண்ணீர் விட்டு நெருப்பை மூட்டினார். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் மிசின் அலறியது. பொங்கலும் அதுவுமாய் இதென்ன சத்தம் என்று அடுத்த வளவுத் தங்கமுத்து வேலியிலிருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினாள்.

பராசக்தி வெளியே வந்தாள். ஒரு கையில் சருவச்சட்டி நிறையத் தேங்காய்ப்பால், மற்றக் கையில் அருந்ததி. வந்ததும் வராததுமாய் அடுப்படியில் இருந்த நெய்ப்பேணியைக் காலால் ஓரந்தள்ளி வைத்தாள்.

"பிள்ளையை உள்ளுக்கை விடும்" என்றாள் கனகாம்பிகை.

"விடமாட்டன். அவள் இண்டைக்கு இந்தப் பானையிலைதான் சாப்பிடுவாள். அதுக்குள்ளை பசுப்பால் ஒரு துளி விழ விடமாட்டன்."

"விசரே உமக்கு? பால் விடாமல் ஆரும் பொங்குவினமே? வருசம் விளங்குமே?"

"ஆர் சொன்னது பால் விடாமல் எண்டு?" பராசக்தி சட்டியை உயர்த்திப் பிடித்தாள். "இதென்ன, தண்ணியே? ரெண்டு வருசமாய் நீங்கள்தானே சொல்லுறியள், தேங்காய்ப்பாலும் பால்தான் எண்டு. பிள்ளையின்ரை வாய்க்குப் பால் எண்டால் பானைக்கும் பால்தான். இல்லை, இது பாலில்லை எண்டு சொல்லுங்கோ. இப்பவே பிள்ளைக்குப் பருக்கிறன். எது மச்சாள்? பாலோ, இல்லையோ?"

கனகாம்பிகை வாயைத் திறந்தாள். ஓம் என்றால் பானை போய்விடும், இல்லை என்றால் சட்டம் போய்விடும். அவள் குனிந்து பால்செம்பைத் தூக்கிக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கமுத்து சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினாள்.

தம்பிஐயா அடுப்புக்கு விறகைத் தள்ளினார். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"ஊத்து பிள்ளை" என்றார்.

பராசக்தி ஊற்றினாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் முதற்பாலை எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் முழுவதையும் ஊற்றினாள்.

"பொங்காது" என்றாள் கனகாம்பிகை, செம்பை அணைத்துப் பிடித்துக்கொண்டு. பானை கொஞ்ச நேரம் அவள் பக்கந்தான் நின்றது. பிறகு ஓரத்தில் நுரை கட்டியது, நடுவுக்கு வந்தது, விறுவிறென்று ஏறிக் கிழக்குப் பக்கமாகப் பானையின் கழுத்தால் வழிந்து நெருப்பில் சீறியது. அருந்ததி கையைத் தட்டித் துள்ளினாள். தம்பிஐயா சுருட்டு நெருப்பாலேயே சீனவெடிக்குத் திரி கொளுத்தினார்.

சூரியனுக்குப் படைத்து முடிந்ததும் பராசக்தி மகளை இலைக்கு முன்னால் இருத்தினாள். புக்கையை வைத்து, மேலே கிண்ணத்து முதற்பாலில் ஒரு கரண்டி விட்டாள். அருந்ததி பழக்கம் மாறாமல் கையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இதிலை பால் இருக்கோ?"

"ஓம், இருக்கு" என்றாள் பராசக்தி, ஒழுங்கைக்கே கேட்க. "நல்லா இருக்கு. சாப்பிடு."

பிள்ளை அண்ணாந்து கனகாம்பிகையைப் பார்த்தது.

"மாமியைப் பாராதை. என்னைப் பார். சாப்பிடு."

அருந்ததி ஒரு வாய் வைத்தாள். கனகாம்பிகை செம்பை நிலத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினாள். அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். சட்டைக் கையை விலக்கித் தோலைத் தடவினாள். பிள்ளை இரண்டாவது வாய் வைத்தது, மூன்றாவது வைத்தது, விரலைச் சூப்பியது. தடிக்கவில்லை, இழுக்கவில்லை. கனகாம்பிகையின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, பராசக்தியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்படி இலேசில் தோற்கிற சாதியல்ல அவள்.

பராசக்தி சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. சருவச்சட்டியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

இலை வழித்துத் துடைத்தமாதிரி ஆனதும், அருந்ததி முகமெல்லாம் புக்கையோடு மாமியின் பக்கம் திரும்பி, கையைப் பின்னுக்கு வைக்காமல் முன்னுக்கு நீட்டினாள்.

"மாமி, இன்னும் பால் இருக்கோ?"

கனகாம்பிகை எழும்பிப் போய் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.