சலாம் திரும்பி வந்த குவிமாடம்

பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைந்தால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். தூண்கள் காடாக நிற்கும் கூடத்தில் குரல் சிதறிப்போகும். மண்ணால் எழுப்பிய பள்ளிவாசலில் சுவரே விழுங்கிவிடும். அந்தக் காலத்தில் சில குவிமாடங்களுக்குள் காலி மண்பானைகளைப் பதித்து ஒலியைச் சீர்படுத்தியிருக்கிறார்கள். என் பிழைப்பும் அதுதான். பானைக்குப் பதில் பஞ்சுப் பலகை, அவ்வளவே.

தொழில் கிறுக்கு முற்றி என் வீட்டையும் நான் விட்டுவைக்கவில்லை. கதவு, சன்னல், சுவர் என்று வெளிச்சத்தம் நுழைய ஓர் இடுக்கு விடாமல் அடைத்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் என்னை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது, பக்கத்து வீட்டுச் சண்டையாவது காதில் விழுந்திருக்கலாம்.

ஒருமுறை நான் வேலைக்குப் போன பள்ளிவாசலின் குவிமாடம் அத்தனை அழகு. உள்ளே முழுக்க நீல ஓடு, அடிவிளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன சன்னல்கள், கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஆனால் இமாம் பேசினால் ஒரு வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் தலைமேல் ஏறி உட்காரும். பிரசங்கம் ஒன்றும் புரியவில்லை என்று நிர்வாகத்தார் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பலூனை உடைத்து, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கருவியில் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆள் இருந்தால் உடம்பே சத்தத்தைக் குடித்துவிடும். அதனால் தொழுகை இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், ஒரு மூலையில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தேன். அப்போது பாங்கு சொல்கிற மோதினார் விளக்குமாறும் கையுமாக வந்தார். என்னைக் கவனிக்காமல் காலிக் கூடத்தைப் பார்த்துச் சலாம் சொன்னார். குவிமாடம் அதை வாங்கி வைத்திருந்து, நிதானமாகத் திருப்பிக் கொடுத்தது. திருப்தியாகத் தலையாட்டிய பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"யாரும் இல்லாத வீட்டுக்குள்ள போனாலும் சலாம் சொல்லணும் தம்பி," என்றார் கூச்சத்தோடு. "சம்சாரம் இருந்தவரைக்கும் வீட்ல பதில் வந்துச்சு. இப்ப இங்கதான் வருது."

நான் வந்த வேலை அந்தப் பதிலை ஒழிப்பது என்று எப்படிச் சொல்வது? மென்று விழுங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேருக்குப் புரியணும்ல. போடுங்க."

சாரம் கட்டிய நாளில் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். அவருக்காக ஒரே ஒரு பலகையை மட்டும் மாட்டாமல் விட்டுவிடலாமா என்று எனக்குச் சபலம் தட்டியது. விட்டால் இமாமின் குரல் அங்கே போய் முட்டித் திரும்பும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதையும் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கடைசி வரிசைவரை பளிச்சென்று கேட்டது. ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கூட்டம் கலைந்த பிறகு மோதினார் வாசலில் நின்று சலாம் சொன்னார். சொன்னது சொன்ன இடத்திலேயே விழுந்தது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். பலகை ஏதாவது கழன்றால் கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு நழுவினேன். நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது அந்தக் குவிமாடம்தான். ஆனாலும் அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சில நாள் கழித்து, விடிவதற்கு முன்பே போன் அடித்தது. காலங்காத்தாலே எவன் என்று எரிச்சலோடு எடுத்தேன். மோதினார். பலகை கழன்றுவிட்டதா என்று கேட்டேன்.

"பலகை நல்லாத்தான் இருக்கு தம்பி. இப்பதான் பள்ளிவாசல் கதவத் தொறந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "அஸ்ஸலாமு அலைக்கும்."

அடைத்து வைத்த என் அறையில் மனிதக் குரல் கேட்டு எத்தனை காலமாயிற்று. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வஅலைக்கும் சலாம், பாய்."

அவ்வளவுதான், அவர் வைத்துவிட்டார். மறுநாள் இருட்டிலேயே எழுந்து, முகம் கழுவி, தொண்டையைச் செருமிச் சரிபார்த்துக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.