கல்யாணக் கோட்டின் அளவு

"நிறுத்து, நிறுத்து! தலமாட்டுல இடிக்குது!"

சாம்ராஜ் கத்தியதும் கயிறு பிடித்திருந்த நாலு பேரும் அப்படியே நின்றார்கள். பெட்டி குழிக்குள் ஓர் அடிகூட இறங்கவில்லை. கால்பக்கம் சாய்ந்து, தலைப்பக்கம் கல் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடம்பிடித்தது. பாஸ்டர் ஜெபத்தைப் பாதியில் விட்டார். போடுவதற்காகக் கையில் எடுத்து வைத்திருந்த ஒரு பிடி மண்ணோடு லவினா நின்றிருந்தாள். பெட்டியை மறுபடி மேலே தூக்கித் தரையில் வைத்தார்கள்.

தப்பு சாம்ராஜுடையது. நியாயமாகப் பார்த்தால் பாதித் தப்பு லவினாவுடையது.

மைசூர் மைன்ஸ் சபையில் யார் செத்தாலும் சாம்ராஜ் நூலோடு வந்துவிடுவார். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளந்து, அந்த நூலுக்குத்தான் பெட்டியும் குழியும். ஒரு விரல்கூட அதிகம் வெட்டமாட்டார். இரண்டடிக்குக் கீழே முழுக்கக் கல். தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் கல்லோடு மல்லுக்கு நின்றவருக்கு அதன் குணம் தெரியும்.

ஆனால் லவினாவின் புருஷன் சைலஸ் செத்தது குவைத்தில். எதை அளப்பது? "அண்ணன்காரரும் அதே ஒசரந்தான, அவர அளந்துக்கறேன்" என்று சாம்ராஜ் நூலை நீட்டினார். சைலஸின் அம்மா நேசமணி பாய்ந்து வந்து பெரிய மகன் பர்னபாஸை மறைத்துக்கொண்டாள். "உயிரோட கீற புள்ள மேல நூல் வெப்பியா நீ?"

கடைசியில் லவினாதான் பீரோவைத் திறந்து கல்யாணக் கோட்டையும் பேண்ட்டையும் எடுத்து வந்தாள். கட்டிலில் மேலும் கீழுமாகச் சரியாக விரித்து, கீழே ஷூவையும் வைத்தாள். சாம்ராஜ் காலரிலிருந்து ஷூவரை அளந்து, தலைக்கு ஒரு சாணும் சில்லறையும் சேர்த்துக்கொண்டார். கறுப்புத் துணி ஒட்டி, வெள்ளிக் காகிதத்தில் சிலுவை வைத்த பெட்டி தயாராகிச் சர்ச் வராந்தாவில் காத்திருந்தது. குவைத்துக்காரர்கள் ஆளை அவர்கள் பெட்டியில் போட்டுத்தான் அனுப்புவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று காலை பெங்களூர் ஏர்ப்போர்ட்டிலிருந்து ஆம்புலன்ஸில் வந்திறங்கியது அந்தப் பெட்டி. படுக்கப்போட்ட பீரோ மாதிரி இருந்தது. "இதுலயே எடுத்துடலாம்" என்றார் பர்னபாஸ். லவினா அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். "ஒருவாட்டி தொறந்து காட்டுங்க மாமா." அவர் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தபடியே, "தொறக்கக் கூடாதுன்னு போட்டுக்கீதும்மா" என்றார். அத்தனை பேர் முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது எழுபத்திரண்டு நாள். மற்றதெல்லாம் போன்தான்.

போனில் அவன் வெயிலைத்தான் பேசினான். அதையும் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். "இங்க கொழாய்ல வெந்நிதான் வருது. ராத்திரியே பக்கெட்டுல புடிச்சு ரூமுக்குள்ள வெச்சாதான் காலைல குளிக்கலாம்." சாரம் கட்டுகிற வேலை. "பைப்பத் தொட்டா கிளவுஸத் தாண்டி சுடுதுடி. ஒருத்தன் விட்டா ஒருத்தன் புடிக்கறோம், சுட்ட சோளத்தக் கை மாத்தற மாதிரி." மத்தியானம் வேலை கிடையாது, நிழலில் படுத்துக்கொள்ளலாம். ஆனால் நிழலும் சுடும் என்பான். லீவில் வந்திருந்தபோது சாம்ராஜ் அவனிடம், "அடி லெவல்ல எங்களுக்கும் கல்லு கொதிக்கும்பா. ஆனா ஷிஃப்ட் முடிஞ்சா கேஜ் வந்து மேல இட்டுகினு வந்துடும்" என்றார். "எனுக்கும் கேஜ் வரும் அண்ணே, ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி" என்றான் சைலஸ்.

பேசி முடிக்கும்போது, "அங்க எப்டி கீது?" என்று தவறாமல் கேட்பான்.

"ஸ்வெட்டர் போட்டுகினு கீறேன்."

"போன வெளிய நீட்டு. காத்து சத்தம் கேக்கட்டும்."

அவள் வாசலில் நின்று போனை நீட்டிப் பிடித்திருப்பாள். கை வலிக்கும், மாற்றிப் பிடிப்பாள். அந்தப் பக்கம் அவன் ஒன்றும் பேசமாட்டான். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் அவளுக்கு அடித்துக்கொள்ளும்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாரத்தின் அடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வெயில் என்றார்கள்.

"சுத்தி வெட்டுங்க, சீக்கிரம்" என்றார் பர்னபாஸ் இப்போது.

சாம்ராஜ் கடப்பாரையால் விளிம்பைத் தட்டினார். பொறி பறந்தது. "நாளைக்கு ஆவும்பா. நம்ம பொட்டி சர்ச்சுல சும்மாத்தான கீது? ஆள மாத்திட்டா எறங்கிடும்."

"அதெல்லாம் வோணாம்."

லவினா கையிலிருந்த மண்ணைக் கீழே உதறினாள்.

"தொறங்க மாமா."

"லவினா, சொன்னா கேளும்மா. காயிதத்துல ஒண்ணும் போடல, நாந்தான் சொன்னேன். எட்டு நாள் ஆச்சு. எப்டி கீறானோ இன்னாவோ. உம் மனசுல நல்ல மூஞ்சி கீது, அதே கீட்டும்."

"எம் மனசுல போன்ல வர்ற மூஞ்சிதான் மாமா கீது. அதுக்கு ஒடம்பு இல்ல."

பர்னபாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தொறங்கப்பா" என்றார்.

சர்ச்சிலிருந்து கறுப்புப் பெட்டி வந்தது. சாம்ராஜ் குவைத் பெட்டியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே தகரம் இருந்தது, அதையும் வெட்டினார். பெண்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். லவினா நகரவில்லை. மருந்து நெடி குப்பென்று வந்தது. அவள் குனிந்து வெள்ளைத் துணியை முகத்திலிருந்து விலக்கினாள்.

முகம் கெட்டுப்போகவில்லை. ஆனால் கறுத்துக் காய்ந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ ஒருவனாக இருந்தான். "அய்யோ, இது எம்புள்ளயே இல்ல" என்று நேசமணி பின்வாங்கினாள். லவினாவுக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. ஆள் மாறி வந்துவிட்டதோ என்று நினைத்தாள். அப்படியே இருக்கக் கூடாதா என்று ஆசையாகவும் இருந்தது.

தலையைச் சுற்றியிருந்த துணியை இன்னும் மேலே தள்ளினாள். புருவத்துக்குச் சற்று மேலே கோடு கிழித்ததுபோல் கறுப்பு நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் ஹெல்மெட் மூடியிருந்த இடம். அங்கே சைலஸ் மாநிறமாக, கல்யாணத்தன்று இருந்தபடியே இருந்தான்.

"அத்த, வாங்க. இங்க பாருங்க" என்றாள்.

ஆறு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்தார்கள். அளவு சரியாக இருந்தது. லவினா பக்கத்தில் மண்டியிட்டு அந்த நெற்றியில் கையை வைத்தாள். கோட்டுக்கு மேலே நாலு விரல் அகலம்தான் இருந்தது. கோட்டைத் தாண்டாமல் விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் வாட்சைப் பார்த்தார்.

"மூடலாமாம்மா?" என்று கேட்டார் சாம்ராஜ்.

"கொஞ்சம் இருங்க."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, குழி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.