மஞ்சள் கோட்டின் மேல் ஒரு பந்தல்

காலை ஏழு மணிக்கெல்லாம் புஷ்பவல்லியின் சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல் சூடேறிவிடும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தோசைக்கல் பக்கமே போகவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்று, பந்தல் போட வந்த ஆட்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, அந்தக் கம்பிக் கால இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கலா! டத்தோ கார விட்டு எறங்குனா நேரா மாலைக்கு வரணும். சுத்திக்கிட்டா வருவாரு?”

டத்தோ என்றால், அரசு கொடுத்த அந்தப் பட்டத்தைச் சொல்லியே ஊர் கூப்பிடும் கமலநாதன். கிள்ளானை ஒட்டிய சுங்கை மெலோர் மாநகருக்குப் பதினான்கு ஆண்டுகள் மேயராக இருந்தவர். செந்தூல் ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன். நகராட்சியின் கால்வாய்ப் பிரிவில் இளம் பொறியாளராகச் சேர்ந்து, முழங்கால் சேற்றில் நின்றே மேலே வந்தவர். மழை பிடித்தால் ஊரில் எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள்; அவர் குடையை எடுத்துக்கொண்டு கால்வாய் பார்க்கக் கிளம்பிவிடுவார். மேயரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முந்தின வெள்ளிக்கிழமைதான் பணி ஓய்வு பெற்றிருந்தார்.

புஷ்பவல்லிக்கு அவர் தெய்வத்துக்குச் சமம். புருஷன் லோரி விபத்தில் போனபோது ஷாமினி கைக்குழந்தை. ரோட்டோரம் ஒட்டுக்கடை போட லைசன்ஸ் கேட்டு அலைந்தவளிடம் தரகன் ஒருவன் ‘காப்பிக் காசு’ என்று லஞ்சம் கேட்டான். கழுத்தில் கிடந்த கடைசிச் சங்கிலியை விற்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சமயம், புதிதாக வந்த மேயர் ஒரு காரியம் செய்தார். லைசன்ஸ் கேட்டு வருகிறவர்கள் தரகர் இல்லாமல் நேராகக் கவுண்டருக்கு வரட்டும் என்றார். முதல் வாரம் முழுக்க அந்தக் கவுண்டருக்குப் பக்கத்தில் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாருக்கும் காப்பிக் காசு கொடுக்காமல் லைசன்ஸ் அவள் கைக்கு வந்தது. சங்கிலி கழுத்தில் தங்கியது. ஒட்டுக்கடை வளர்ந்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடையானது. ஷாமினியும் வளர்ந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நன்றியைக் காட்டத்தான் அவளுக்கு வழி கிடைக்கவில்லை. கமலநாதன் கடைக்கு வருவார், காப்பி குடிப்பார், காசை மேசையில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கெஞ்சியும் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள்.

“பதவியில இருக்குற வரைக்கும் விட்டுருங்கம்மா. ரிட்டையர் ஆனதும் மொதச் சாப்பாடு உங்க கடையில, ஓசியில. போதுமா?” என்று சிரித்தார் ஒருநாள்.

அந்த முதல் சாப்பாடுதான் இன்றைக்கு. சும்மா விடுவாளா புஷ்பவல்லி? நண்டு ரசம், ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழி வறுவல், பாயசம். வாசலில் பந்தல், ஆளுயர மாலை, பொன்னாடை, ‘மாநகரின் தந்தையே வருக’ என்று ஒரு பேனர். பேனரும் பந்தலும் மாநகர் மன்ற உறுப்பினர் லோகனின் உபயம். பேனரில் லோகனின் முகமும் டத்தோவின் முகத்துக்குச் சற்றும் குறையாத அளவில் இருந்தது என்பது வேறு விஷயம்.

“பெர்மிட் எடுக்கணுமே தம்பி?” என்று முதல் நாள் அவள் கேட்டதற்கு, லோகன் கையை உதறினார்.

“அதெல்லாம் நான் பேசிட்டேன் அக்கா. நமக்கு மேலிடத்துல கேபிள் இருக்கும்போது யாரு போய் கவுண்டர்ல நிப்பா?”

அந்தக் கவுண்டரால் வாழ்வு பெற்றவள் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டாள்.

பந்தல் கால்களை இறுக்கிக் கட்டி, மேசைகளையும் வரிசையாகப் போட்ட பிறகுதான் ஷாமினி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

“ம்மா, மஞ்சக் கோட்டு மேலயே போட்டுட்டாங்க பாருங்க. சிவநேசன் அங்கிள் எப்படி வருவாரு?”

நடைபாதை நெடுகப் பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தடவி நடக்க, மேடு வைத்த மஞ்சள் கற்கள் பதித்திருந்தார்கள். அவற்றின் மேல்தான் பந்தலின் இரும்புக் கால் நின்றது.

“ஒரே ஒரு நாள்தானேலா! யாராச்சும் கையப் பிடிச்சுக் கூட்டியாந்துடலாம், போ,” என்று புஷ்பவல்லி உள்ளே ஓடினாள். பாயசம் அடிபிடிக்கிற வாசனை வந்திருந்தது.

கரண்டியைக் கீழே வைப்பதற்குள் வாசலில் தடாலென்று சத்தம்.

சிவநேசன் விழுந்து கிடந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் உடம்பு பிடிக்கும் தொழில் படித்துவிட்டு வந்து, நாலு கடை தள்ளி மையம் நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை இல்லை. தினமும் அந்த மஞ்சள் கோட்டைப் பிடித்து யார் துணையும் இல்லாமல் பசியாற வருவார். டத்தோவைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புதுச்சட்டை போட்டிருந்தார். இரும்புக் காலில் மோதி நெற்றி கிழிந்து, அந்தச் சட்டையில் ரத்தம் சொட்டியது. கோல் வளைந்து கிடந்தது.

“சாரி அக்கா,” என்றார், தரையைத் தடவி எழுந்துகொண்டே. “இங்க ஏதோ புதுசா வச்சிருக்கீங்க போல. நான்தான் பாக்கல.”

புஷ்பவல்லிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். முந்தானையால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த மஞ்சள் கற்களையே பார்த்தாள்.

டத்தோவின் உத்தரவில் அவற்றைப் பதித்தபோது கடைக்கு முன்னால் தோண்டிப் போட்டு வியாபாரம் படுத்தது. மனசுக்குள் டத்தோவையே அவள் சபித்தாள். வேலை முடிந்த அன்று, கூட வந்த அதிகாரிகள் தவிக்கத் தவிக்க, கமலநாதன் கைக்குட்டையால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு, சிவநேசனின் கோலை வாங்கி அந்தக் கோட்டில் நடந்து பார்த்தார். நேராக வந்து அவள் வைத்திருந்த கேஸ் சிலிண்டரில் முட்டி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். கண்கட்டை அவிழ்த்தபோது அவர் சிரிக்கவில்லை. “ஒரு நிமிஷத்துக்கே எனக்கு இவ்ளோ பயமா இருக்கேம்மா. இவங்க தெனம் நடக்கணும்,” என்றார். அன்றைக்கே சிலிண்டரை உள்ளே தள்ளியவள், இன்று அவருக்கு மரியாதை செய்கிறேன் என்று அதே இடத்தில் இரும்பை நட்டிருக்கிறாள்.

“பந்தலப் பிரிங்க,” என்றாள்.

லோகன் பதறி ஓடிவந்தார். “அக்கா, பைத்தியமா? இன்னும் கொஞ்ச நேரத்துல டத்தோ வந்துடுவாரு. பத்திரிகைக்காரங்க வேற வராங்க. அவருக்கு அவமானமாப் போயிடும்லா!”

“எது அவமானம் தம்பி? மாலையப் பாக்குறதுக்கு முன்னாடி அவரு இந்த ரத்தத்தப் பாத்தா, அதுதான் அவமானம். பிரிங்கண்ணே!”

லோகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓரமாய்ப் போய் நின்றார். மாலை ஒரு பக்கம், பேனர் ஒரு பக்கம் கிடந்தது. ஷாமினி சிவநேசனைப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் மருந்து கட்டிக் கூட்டிவந்தாள். கடைசி இரும்புக் காலை ஆட்கள் லோரியில் ஏற்றுகிற நேரம், கமலநாதன் தனியாக, நடந்தே வந்து நின்றார். கார்கூட இல்லை.

புஷ்பவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். “மன்னிச்சிருங்க டத்தோ. பெரிசா செய்யணும்னு ஆசப்பட்டேன். இப்ப பந்தலும் இல்ல, மாலையும் இல்ல. என்னாலதான் சிவநேசன் விழுந்துட்டாரு.”

மஞ்சள் கற்களின் மேல் பதிந்திருந்த இரும்பின் தடத்தையும் சிவநேசனின் நெற்றிக் கட்டையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. கண் கலங்கியது.

“பதினாலு வருஷத்துல எனக்காக எத்தனையோ பேரு பந்தல் போட்டிருக்காங்கம்மா. எனக்காகப் பந்தலப் பிரிச்சது நீங்க ஒருத்தர்தான். வாங்க, பசிக்குது.”

கடைக்குள்ளே, மின்விசிறிக்குக் கீழே, சிவநேசனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நண்டு ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தபோது பழக்க தோஷத்தில் கை சட்டைப்பைக்குப் போனது.

“டத்தோ!” என்று அதட்டினாள் புஷ்பவல்லி.

கையை எடுத்துக் கும்பிட்டார். கடையே சிரித்தது. அவளுக்கு மட்டும் அழுகை வந்தது. இத்தனை வருஷம் மனசில் சுமந்த நன்றியை இறக்கி வைத்த அழுகை அது.

சிவநேசன் விடைபெற்றுக் கிளம்பினார். வளைந்த கோலை டத்தோவே நிமிர்த்திக் கொடுத்திருந்தார். டொக், டொக் என்ற சத்தம் எங்கும் நிற்காமல், தயங்காமல், மஞ்சள் கோட்டோடு போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் வாசலில் நின்று அதைக் கேட்டார்கள்.

“என்ன இருந்தாலும் ஒரு மாலகூடப் போடாம அனுப்புறோமே அக்கா,” என்று லோகன் முணுமுணுத்தார்.

புஷ்பவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நமக்கு நல்லது செஞ்சவங்களுக்குக் கழுத்துல மாலையப் போட்டுட்டு, அவங்க செஞ்ச நல்லத நாமளே மறிச்சுக்கிட்டு நின்னா அது நன்றி இல்ல தம்பி. அவங்க போட்ட வழிய அடுத்தவங்க நடக்க விட்டு வைக்கிறோம் பாருங்க, அதுதான் நன்றி.”