தலைவரின் முகம் மட்டும்

ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலில் வெல்வதற்குச் சிவரூபனுக்கு ஒரேயொரு படம் தேவைப்பட்டது. அலைமகள் மீனவர் சங்கத்தின் தலைவர் கதிரையில் மூன்று வருடம் இருந்த மனுசரிடம் ஒரு படம்கூடவா இல்லை என்று கேட்கக்கூடாது. படம் எடுப்பதற்கு ஏதாவது நடந்திருக்க வேண்டுமே! அவருடைய காலத்தில் கூட்டம் நடந்தது, கூட்டத்தில் தேநீர் நடந்தது, தேநீருக்குப் பிறகு அடுத்த கூட்டத்துக்குத் திகதி குறித்தார்கள். இதையெல்லாம் யார் படம் எடுப்பார்கள்?

நடந்தது என்று சொல்லிக்கொள்ள உப்புவெளிக் கரையில் ஒரு மீன் ஏலக் கொட்டகை இருந்தது. ஆனால் அதைக் கட்டுவித்தவர் முந்தைய தலைவர் கோகுலன். திறப்புவிழாவில் நாடா வெட்டியவரும் அவரே. அதே கோகுலன்தான் இப்போது மறுபடியும் தலைவர் பதவிக்குப் போட்டி போடுகிறார். அந்தத் திறப்புவிழாப் படத்தில் சிவரூபனும் நின்றார், அதை மறைக்கத் தேவையில்லை. கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், கையில் கத்தரிக்கோல் கொண்டுவந்த தட்டு. அப்போது அவர் உபதலைவர். தட்டுப் பிடிப்பதை விட்டால் உபதலைவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கவில்லை.

இந்தப் படத்திலிருந்து கோகுலனை எடுத்துவிட்டால் கொட்டகையைத் திறந்தவர் யார்? விடை சிவரூபனுக்குத் தெரியும். அது ஊருக்கும் தெரியவேண்டும் என்றால் பெரிய பதாகையாக அடித்துச் சந்தியில் கட்டவேண்டும்.

அச்சுக்கடை அப்ராஸிடம் சொன்னால் நொடியில் வெட்டித் தந்துவிடுவார். ஆனால் அப்ராஸ் முழுப் படத்தையும் பார்த்துவிடுவாரே! பார்த்தால் பின்னேரத்துக்குள் கதை மூதூர்வரை போய்விடும். ஆகவே தலைவர் தாமே வெட்டுவதென்று முடிவெடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லப்டொப்பைத் திறந்து பிரவுசரில் தேடினார். இலவசமாகப் படம் வெட்டலாம் என்று ஒரு தளம் வந்தது. படத்தை ஏற்றினால் அதன்மேல் ஒரு கட்டம் விழுந்தது. மூலைகளைப் பிடித்து இழுத்துக் கட்டத்தைச் சுருக்கினால் வெளியே நிற்கிறவர்கள் தொலைந்துபோவார்கள், உள்ளே நிற்கிறவர் மிஞ்சுவார். தேர்தல் நடத்துவதைவிட இது எவ்வளவோ சுகம் என்று தலைவருக்குப் பெரிய சந்தோசம்.

முதல் வெட்டில் கோகுலன் போனார். அவருடைய கை மட்டும் போகவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தபடி ஓரத்திலிருந்து நீண்டு, தலைவரின் வயிற்றில் யாரோ குத்த வருவதுபோல் நின்றது. அடுத்த வெட்டில் அந்தக் கையையும் தொலைத்தார். இப்போது வெறுந்தட்டை ஏந்தியபடி தலைவர் தனியாக நின்றார். தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி சுலோஜனா எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, கோயில் வாசல்ல காசு சேர்க்கிற ஆள் மாதிரி நிக்கிறீங்கள்?"

தட்டையும் வெட்டினார். தட்டுப் போக, தோளோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீலச் சேலைத் தலைப்புத் தெரிந்தது. சங்கச் செயலாளர் கோணேஸ்வரி அன்றைக்குப் பக்கத்தில் நின்றதை இவர் மறந்தே போயிருந்தார். சுலோஜனா அந்தத் தலைப்பைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். தலைவர் அவசரம் அவசரமாக மூலையை இழுத்தார். வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியது முகமும், நெற்றிச் சந்தனமும், தாடைக்குக் கீழே மாலையின் விளிம்பும்தான்.

படம் எடுத்த அந்த நொடியில் மனுசர் கண்ணை மூடித் தொலைத்திருந்தார். கூட்டத்தோடு நின்றபோது அது எவருக்கும் தெரியவில்லை. இப்போது பார்ப்பதற்கு அதை விட்டால் வேறொன்றும் இல்லை.

"கண் மூடிக் கிடக்குதே," என்றாள் சுலோஜனா.

"அது பணிவு. உமக்கு விளங்காது."

பிறகு தடயம் இருக்கக்கூடாது என்று முழுப் படத்தையும் அழித்தார். முகத்தை அப்ராஸுக்கு அனுப்பிவிட்டு, எழுத வேண்டிய வாசகத்தையும் சொன்னார். மேலே 'ஏலக் கொட்டகை கண்ட எங்கள் தலைவர் சிவரூபன்', கீழே 'அலைமகள் மீனவர் குடும்பம்'. அவ்வளவுதான். தேர்தல் என்ற பேச்சே வரக்கூடாது, ஏனென்றால் வோட்டுக் கேட்டுப் பதாகை கட்டுவதைச் சங்க விதிகளான யாப்பில் தடைசெய்தவரே அவர்தான்.

அப்ராஸ் திரும்பப் போன் எடுத்தார். "அண்ணன், படம் சின்னன். பெருப்பிச்சா முகம் மங்கிப் போகும். கண்ணும் மூடியிருக்கு. வேற படம் இல்லையா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"தம்பி, யோசிக்கிற வேலை என்ட. அடிக்கிற வேலை உம்மட."

அப்ராஸ் தலைவர் சொன்னபடி அடித்து, படகுகள் இறங்குவதற்கு முன்னமே அடுத்த நாள் விடியச் சந்தியில் கட்டுவித்தார்.

அந்தக் காலையில் சிவரூபனும் சுலோஜனாவும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போனார்கள். வெற்றிக்கு ஒரு அர்ச்சனை. போனை வீட்டிலேயே சார்ஜில் விட்டுவிட்டுப் போனதைத் தலைவர் கோயிலில்தான் கண்டுபிடித்தார். வாழ்த்துச் சொல்ல எத்தனை பேர் எடுத்திருப்பார்களோ என்று வழியெல்லாம் கவலைப்பட்டார்.

திரும்பி வரும்போது ஓட்டோ உள்வீதியால் வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சாவுக்குக் கட்டும் வெள்ளைக்கொடி. தலைவரின் மனசு உடனே கணக்குப் போட்டது. செத்தது கோகுலனின் ஆள் என்றால் அந்தப் பக்கம் ஒரு வோட்டுக் குறையும், தன்னுடைய ஆள் என்றால் நட்டம். எதற்கும் இருக்கட்டும் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். கொடி அவருடைய ஒழுங்கைக்குள் திரும்பியது. பிறகு அவருடைய கேற்றில் போய் முடிந்தது.

முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. பந்தலின் கீழ் வரிசை வரிசையாகக் கதிரைகள். சாவு விழுந்த நாளில் அந்தக் கரையில் ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள், ஆகவே சங்கம் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சேலையில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கோணேஸ்வரி ஓட்டோவிலிருந்து இறங்கியவரைக் கண்டதும் பாதி வரியில் நிறுத்தினாள். பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த கோகுலன் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து சிவரூபனைக் கட்டிப்பிடித்தார்.

"அண்ணை! உயிரோடயோ இருக்கிறீங்கள்?"

"எனக்கென்ன? ஆர் சொன்னது நான் செத்துட்டன் எண்டு?"

"காலமை சந்தியில பனரைப் பார்த்தம். ஓடிவந்து பார்த்தா வீடு பூட்டு. போன் உள்ளுக்க கிடந்து அடிக்குது, எடுக்க ஆளில்லை. ஆஸ்பத்திரியில இருந்து உங்களைக் கொண்டுவர அக்கா போயிட்டா எண்டு நினைச்சம்."

"பனரில செத்தவர் எண்டு எழுதிக் கிடக்குதோ?"

சங்கப் பொருளாளர் தம்பையா கதிரையை விட்டு எழும்பவில்லை. "எழுதேல்லைதான். கண் மூடின முகம், கழுத்தில மாலை, நெத்தியில சந்தனம். முகத்தை மட்டும் வெட்டி அந்தப் பெரிசுக்கு ஆர் போடுறது? உயிரோட இருக்கிறவன் தன்ட படத்தை அப்பிடிப் போடுவானோ?"

சிவரூபன் சுற்றிப் பார்த்தார். முற்றம் நிறைய ஆட்கள், ஆனால் கண் சிவந்திருந்தது கோகுலனுக்கு மட்டும்தான். மற்றவர்கள் வெயிலுக்கு முகம் சுளித்தபடி, இனிப் பிரேதம் எடுப்பது எத்தனை மணிக்கு என்று கேட்க வழியில்லாமல் போன ஏமாற்றத்தோடு இருந்தார்கள். தலைவருக்கு நெஞ்சு உண்மையாகவே வலித்தது. எதிராளியைத் தவிர அழுவதற்கு ஒரு சீவன் இல்லையென்றால் எந்த மனுசனுக்குத்தான் வலிக்காது?

சுலோஜனா பந்தலைப் பார்த்தாள், கதிரைகளைப் பார்த்தாள், வேலியோரம் தண்ணிப் பீப்பாய்கூட வைத்திருப்பதைப் பார்த்தாள். "இவ்வளவும் ஒரு காலமைக்குள்ள செய்தீங்களோ தம்பி?"

"வேற என்ன அக்கா செய்யிறது? எங்கட ஆள்தானே," என்றார் கோகுலன்.

"என்ட அப்பா செத்தபோது அடக்கம் முடிஞ்ச பிறகுதான் சங்கத்துக் கதிரை வந்தது. அப்பவும் இவர்தான் தலைவர்."

அவள் இதை உரத்துச் சொல்லவில்லை. ஆனால் செத்தவீட்டு முற்றத்தில் யாரும் கதைக்காமல் இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. சிலர் தங்கள் வீட்டுச் சாவுகளையும் நினைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

கோணேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். ஒப்பாரிக்காரி போய்ச் செயலாளர் வந்தார். "எல்லாரும் இஞ்ச வந்திருக்கினம். இண்டைக்குத் தொழிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு பேரையும் திருப்பிச் சேர்க்க ஏலாது. தேர்தலை இப்பவே வைப்பம்."

"முறையான அறிவித்தல் இல்லாமல் ஏலாது," என்றார் சிவரூபன். "யாப்பில கிடக்கு."

"பனர் கட்டக்கூடாது எண்டும் யாப்பில கிடக்கு," என்றார் தம்பையா.

அதோடு யாப்புக் கதை முடிந்தது. தேர்தல் என்றால் நடப்புத் தலைவர்தான் கேட்டு எண்ணவேண்டும். தனக்காகப் போட்ட பந்தலின் கீழே, தனக்காகக் கொண்டுவந்த கதிரைகளுக்கு முன்னால் நின்று, கோகுலனுக்கு ஆதரவானவர்கள் கை தூக்கும்படி சிவரூபன் சொன்னார். கைகள் எழும்பின. அவர் முன்வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார். கோகுலன் தன் கையைத் தூக்க மறந்து, பாதியில் விட்ட பந்தல் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கருவாடு போடும் பெண்கள் சார்பில் சுலோஜனாவும் சங்கத்தில் ஒரு அங்கத்தவர். வந்திருந்தவர்களுக்கு அவள் குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் கேத்தில், மற்றக் கையில் கோப்பைகள். எண்ணிக்கொண்டு வந்த புருசன் அவளுக்கு முன்னால் வந்து, அவளாவது கை தூக்கவில்லையே என்ற ஆறுதலோடு அவளைத் தாண்டப் போனார்.

"என்னப்பா," என்றாள் சுலோஜனா, "என்ட ரெண்டு கையிலயும் சாமான். என்னையும் சேர்த்து எண்ணுங்கோ."

தலைவர் சேர்த்து எண்ணினார்.