வெளியே போன பேராசிரியர்

மருத்துவமனைச் செலவு பற்றி நார்வேயில் யார் வாயைத் திறந்தாலும், பேராசிரியர் தூரிட் என்ன சொல்கிறாள் என்று கேட்காமல் முடிக்க மாட்டார்கள். ட்ரான்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். எந்தப் புது மருந்துக்கு அரசு பணம் தரலாம் என்று முடிவு செய்யும் குழுவிலும் அவள் இருந்தாள்.

அன்று குழுவின் முன் வந்தது, நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்க்கான மருந்து. கொள்ளை விலை. ஆனால் அதைக் கொடுத்தால் நோயாளிகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்கள் வெகுவாகக் குறையும், மொத்தத்தில் கட்டுப்படியாகும் என்று கண்டுபிடித்தவளே தூரிட்தான். கணவன் ஓட்வாருக்கு அந்த நோய் வருவதற்கு முன்பே போட்ட கணக்கு அது.

குழுவில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரருக்கு அந்த நோய் இருந்தால், சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். ஓட்வாரின் நோய் அங்கே ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு நேர்மைதான் உயிர். சொன்னாள், எழுந்து போனாள். பாழாய்ப்போன நேர்மை!

கூட்டம் முடிந்து வெளியே வந்த தலைவர் ஹால்வார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓட்டு சரிசமமா நின்னுது தூரிட். சமமா வந்தா இல்லன்னுதான் கணக்கு, உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி செலவு குறையும்னு எடுத்துச் சொல்ல உள்ள ஆளில்ல. எனக்கும் அது முழுசாப் பிடிபடல. அடுத்த வருஷம் மறுபடி எடுப்போம்."

ஓட்வாருக்கு அடுத்த வருஷம் கிடையாது என்று டாக்டர் ஏற்கெனவே கையை விரித்திருந்தார்.

வீட்டில் அவன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். படகு ஓட்டிய மனிதனுக்கு இப்போது நாற்காலியை விட்டு எழுந்தாலே மூச்சு வாங்கியது.

"என்ன புரொபஸரம்மா, எனக்கு என்ன வெல போட்டீங்க?"

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ உள்ள இருந்திருந்தா?"

"குடுக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

"எனக்காகவா?"

"இல்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கணக்கு சரியாத்தான் இருக்கு."

ஓட்வார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அப்ப என்னைய மாதிரி இருக்கிற எல்லாருக்கும்தான போச்சு?" என்றான். "எதுக்குடி வெளிய வந்த?"



"எனக்கு வேற மாதிரி இருக்கத் தெரியல" என்று அவன் மடியில் விழுந்து அழுதாள்.

அவன் அவள் தலையில் கை வைத்தான். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.