பெரிஹான் ஊற்றிய தண்ணீர்

1

இந்தக் கதை ஓர் அலறலில் பிறந்தது. துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியான பெரிஹானின் அலறல் அது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். அவள் சோபாவில் உட்கார்ந்து கையிலிருந்த போனை வெறித்துக்கொண்டிருந்தாள். போனில் ஓடிய படத்திலும் அவள்தான் இருந்தாள்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "பொன்னிற மாலை வேளையில், முக்காடிட்ட ஒரு துருக்கித் தாய்..."

[அடித்துவிட்டேன். அது காலை நேரம். தலையில் இருந்தது எண்ணெய்ப் புகைக்குக் கட்டிய துண்டு. அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். இத்தனை காலம் இங்கேயே குப்பை கொட்டியும் என் பேனா எங்கே போய் விழுகிறது பாருங்கள்.]

2

நடந்தது இதுதான். மகள் இல்கின் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் புறப்பட்டாள். தெருவில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் குழு, இதையும் எடுக்கலாமா என்று கேட்டது. பெரிஹான் தாராளமாக எடுக்கச் சொல்லி, சுடச்சுடப் பலகாரமும் கொடுத்தாள். கார் கிளம்பியதும், இங்கே எல்லா அம்மாக்களும் செய்வதுபோல, ஒரு ஜக்குத் தண்ணீரைக் காரின் பின்னால் வீசி ஊற்றினாள்.

"தண்ணி மாதிரி போ கண்ணு, தண்ணி மாதிரி திரும்பி வந்துடு!"

[நம்மூரில் ஒருவருக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் அர்த்தமே வேறு. அந்த நினைப்பைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.]

படத்தில் அவள் குரலை அமுக்கிவிட்டு வேறு யாரோ பேசினார்கள்: வெளியே போகத் துணிந்த மகளை ஒரு துருக்கித் தாய் இப்படித்தான் கைகழுவி விடுகிறாள்.

"நானா? நானா கைகழுவி விட்டேன்?" பெரிஹானுக்கு மூச்சு வாங்கியது. "டிக்கெட் எடுத்துக் குடுத்ததே நான்தான்!"

எதிர்வீட்டு ஷுக்ரான் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, உன் பலகாரத்தைத் தின்ன வாயா இப்படிப் பேசுது?"

"அதையும் போட்டிருக்கான் பாரு. நான் அடுப்படியை விட்டே வெளிய வர முடியாதாம்."

3

இல்கினைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவளோ போனில் அழுதாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் என்னைப் பாவமா பாக்குறாங்கம்மா. ஹைக்கேன்னு ஒருத்தி கட்டிப் புடிச்சு, இனிமே நாங்கதான் உன் குடும்பம்ங்கறா."

"உண்மையைச் சொல்ல வேண்டியதுதானடி?"

"சொன்னேன். பயப்படாம பேசுங்கறா."

நீங்களே கேளுங்கள் என்பதுபோலப் பெரிஹான் போனை என் பக்கம் திருப்பினாள்.

"லீவுக்கு அவளையும் கூட்டிட்டு வர்றேன். திரும்பறப்ப தண்ணி மட்டும் ஊத்தாதம்மா. அவ முன்னாடி வேணாம்."

ஊற்றாமல் அனுப்பினால் மகள் திரும்பி வரமாட்டாள் என்று பெரிஹான் பயப்படுகிறாள். படித்தவள்தான், இருந்தாலும் பயப்படுகிறாள்.

[கதையைப் பாதி படித்த பத்திரிகை நண்பர், "துருக்கிங்கறீங்க, ஒரு ஒட்டகம்கூட இல்லையே சார்?" என்றார். இங்கே நான் ஒட்டகத்தைப் பார்த்ததெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான்.]

4

முடிவு ஒன்று: பெரிஹான் ஊற்றுகிறாள். காருக்குள் ஹைக்கே படம் பிடிக்கிறாள். இல்கின் முகத்தைத் திருப்பிக்கொள்ள...

முடிவு இரண்டு: பெரிஹான் ஜக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். கார் போகிறது. அதன் பிறகு அவள் வீட்டில்...

[இரண்டையும் முடிக்க எனக்கு மனசு வரவில்லை.]

இதை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். லீவு முடிந்து, கீழே டாக்சி கிளம்பிவிட்டது. பெரிஹான் வாசலில் நிற்கிறாள், ஜக்கு நிறையத் தண்ணீர். டாக்சி தெருமுனைச் சிக்னலில் நிற்கிறது. பின் சீட்டில் ஹைக்கே எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். இல்கின் அதைக் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, டாக்சிக்குப் பின்னால் காய்ந்துகிடக்கும் ரோட்டையே பார்க்கிறாள்.

வேண்டாம் என்று சொன்னவள் அங்கே எதைத் தேடுகிறாள்? கீழே வாசலில் நிற்கும் பெரிஹானுக்கு, நடுவே நிற்கும் வண்டிகள் மறைப்பதால், மகள் திரும்பிப் பார்ப்பது தெரியாது. எதைத் தேடுகிறாள் என்று எனக்கும் தெரியவில்லை. ஊற்றலாமா வேண்டாமா என்று பெரிஹானுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம், பச்சை விழப்போகிறது.